மாவுக்கட்டுக் காலும் ஆர்மோனியமும்

கிராமச் செவிலியராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் நான். முள் தைத்த கால், பாம்பு கடித்த கால், ஏர்க்கொழு கிழித்த கால் என்று எத்தனையோ கால்களைக் கழுவித் துடைத்துக் கட்டுப் போட்டிருக்கிறேன். முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒரே ஒரு காலை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எண்பதுகளில் இண்டூரில் என் பக்கத்து வீட்டில் குடியிருந்த லைன்மேனின் வலது கணுக்கால் அது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அவரும் அவர் மனைவியும். இந்தப் பக்கம் ராசிபுரத்திலிருந்து வேலைக்கு வந்த நான், தனியாக. அந்த அம்மாவை அக்கா என்று கூப்பிடுவேன். அவரை எப்படியும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வாயைத் திறந்தாலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். அப்படியே வாயை மூடிக்கொள்ள வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் டேப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவருக்கு இருந்தது காது அல்ல, வியாதி. அப்படித்தான் நான் சொல்வேன். கம்பத்தின் உச்சியில் நின்று கொண்டு கீழே மாவு மெஷின்காரரிடம், "உங்க மெஷின்ல பேரிங் தேஞ்சு போச்சுங்க, கேக்குதுங்களா?" என்பார். கீழே நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. பத்து நாள் கழித்து மெஷின் நின்று போகும். ஊரில் அவருக்கு அதனால் ஒரு மரியாதை இருந்தது. ஆனால் அந்தக் காதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பாட்டுப் பதிவு செய்ய உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது பக்கத்து வீட்டில் இருந்தவளுக்குத்தான் தெரியும்.

பாட்டு எல்லாம் அவருடையது. அவரே எழுதுவார், அவரே மெட்டுப் போடுவார், அவரே பாடுவார். ஒரு கேசட்டின் ஒரு பக்கம் நிறைய ஆறு பாட்டு வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சினிமாவுக்குப் போக வேண்டும், ரேடியோவில் வர வேண்டும் என்றெல்லாம் கிடையாது. அதற்காக இரண்டு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். முதலில் ஒன்றில் ஆர்மோனியத்தை மட்டும் பதிவார். பிறகு அதை ஓடவிட்டு, கூடவே பாடி, இரண்டையும் சேர்த்து இன்னொன்றில் பதிவார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரத்தில் ஊரில் வோல்டேஜ் இறங்கிவிடும், டேப் மெதுவாகச் சுற்றும். அப்போது பதிந்ததை மோட்டார்கள் நின்ற பிறகு போட்டால் ஆர்மோனியம் ஒரு சுருதி ஏறி நிற்கும், பாட்டு கிறீச்சிடும். "பாடுனது நானுங்க, கேக்கறது என் தங்கச்சி மாதிரி இருக்குதுங்க," என்பார் சிரிக்காமல். உடனே அழிப்பார்.

அழிப்பதுதான் அவர் செய்த உண்மையான வேலை. காக்கா கத்தியது, அழி. பென்னாகரம் பஸ் ஹாரன் அடித்தது, அழி. அக்கா அடுப்படியில் கரண்டியை வைத்தார், அழி. எல்லாம் சரியாக வந்துவிட்டால் அதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார். "இன்னொருக்கா பாத்துரலாங்க" என்பார். நான்கு வருடத்தில் ஒரு பாட்டுகூட அந்த டேப்பில் ஒரு வாரம் தங்கியதில்லை. தர்மபுரியில் டேப் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒருமுறை அவருடைய கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க அழிச்ச அழிப்புல இது டேப்பா கண்ணாடியான்னே தெரியலீங்க," என்றாராம். அதை அவரே வந்து எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

கால் உடைந்ததும் இந்தப் பைத்தியத்தால்தான். சினிமாப் பாட்டில் வருவது போல எக்கோ வேண்டும் என்று ஆனி மாதத்தில் ஒரு நாள், ஊர்க் கோடியில் வறண்டு கிடந்த கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார். டேப் ரெக்கார்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, சுவரில் துருத்தி நிற்கும் கல்படிகளில் கால் வைத்து. பதினைந்து வருடமாகக் கம்பம் ஏறுகிறவர், ஒரு நாளும் வழுக்காதவர், கிணற்றில் வழுக்கினார். கையை ஊன்றியிருந்தால் தப்பித்திருக்கலாம். கைகள் பையைக் கட்டிக்கொண்டிருந்தன. கயிறு கட்டி அவரைத் தூக்கியவர்களிடம் முதலில் கேட்டது, "டேப்பு ஓடுதா பாருங்க."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் விழுந்த சத்தமும் "ஐயோ" என்று அலறியதும் நான்கைந்து முறை எதிரொலித்துப் பதிவாகியிருந்தது. மாவுக்கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அதைப் போட்டுக் கேட்டார். நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

"எக்கோ நல்லா வந்திருக்குதுங்க," என்றார். "கொரல்தான் சரியில்ல."

அதையும் அழித்தார்.

கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு விட்டிருந்தது. எட்டு வாரம் கட்டு, அதுவரை கால் தரையில் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இடையில் அசைத்தால் எலும்பு கோணலாகச் சேரும், பிறகு கம்பம் ஏறும் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். இதை அக்கா என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னா கேக்க மாட்டாருங்க, நர்சம்மா. நீங்க சொன்னா கேப்பாரு. இந்தக் காலுதாங்க எங்க சோறு. பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னவள் நான்தான்.

அவருக்கோ கால் உடைந்ததில் சந்தோஷம். மெடிக்கல் லீவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை பதிவு செய்யலாம். ஒரே ஒரு தடங்கல்தான். அவருடைய ஆர்மோனியம் காலால் மிதிக்கிற ஆர்மோனியம். நாடகக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியது. கீழே இரண்டு மிதிகட்டை. இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தால்தான் காற்று அறாமல் வரும். வலது காலோ முழங்கால் வரை மாவுக்கட்டுக்குள் முக்காலி மேல் நீட்டிக் கிடக்கிறது.

வலது மிதிகட்டை அக்காவுக்கு வந்தது. இரண்டு டேப் வித்தையையும் விட்டுவிட்டு, வாசிப்பதையும் பாடுவதையும் ஒன்றாகவே பதியத் தொடங்கினார். ஒரே பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, அவர் இடது காலும் அக்காவின் வலது காலுமாக மிதிப்பார்கள். கேள்விப்படுகிறவர்களுக்கு அழகான காட்சியாகத் தோன்றும். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதோ இதுதான்:

"மெதுவாடி. நீ மிதிக்கிறது கட்டையா, கரப்பாம்பூச்சியா?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அடுப்புல களி அடி புடிக்குது, எந்திரிச்சுப் போவட்டுமா?"

"போனா அழிக்கோணும்."

"போவாட்டியுந்தான் அழிக்கிறீங்க."

அக்கா ஆடு மேய்க்கப் போகும் நேரத்தில் அவர் என்னைக் கூப்பிடுவார். நானும் மிதித்திருக்கிறேன். சப்சென்டரிலிருந்து வெயிலில் நடந்து வந்து, சேலைகூட மாற்றாமல், ஒரு நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் மிதித்திருக்கிறேன். எனக்குத் தாளம் வரும், சின்ன வயதில் பஜனையில் பாடியவள். ஆனாலும் அவருக்குப் பிடிக்கவில்லை. "நல்லாத்தான் மிதிக்கிறீங்க. ஆனா மூச்சு உங்க மூச்சு. பாட்டு என் பாட்டு," என்பார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஒரு நாள் அக்காவும் அவரும் மிதித்து ஒரு பாட்டு வந்தது. மழை வராத ஊரைப் பற்றியது. 'மேகத்துக்கு வழி தெரியல, ஏரிக்கு வாய் மூடல' என்று தொடங்கும். எதற்கோ பஞ்சு வாங்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நடுவில் ஒரு இடத்தில் அக்காவின் கால் கொஞ்சம் தாமதித்தது. அதனால் ஆர்மோனியம் தேம்பியது போல் ஆகி, அவர் குரலும் அதற்காகக் காத்திருந்து அடுத்த அடியை எடுத்தது. நன்றாக இருக்கிறது, இதைத் தொடாதீர்கள் என்று கெஞ்சினேன். அக்காவும், "நல்லாத்தாங்க இருக்குது," என்றார். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த இடம் வரும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். மறுநாள் பார்த்தால் அழித்திருந்தார்.

"எடுக்க எடுக்கத்தாங்க சரியா வரும்," என்றார்.

அன்றைக்கு நான் அவரிடம் சண்டை போட்டேன். பாட்டுக்காக மட்டும் இல்லை. மாவுக்கட்டின் குதிகால் பக்கம் விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்ட காலாலேயே முக்காலியில் தாளம் தட்டியிருக்கிறார். விரல்கள் வீங்கியிருந்தன. "கால் போனால் திரும்ப எடுக்க முடியாதுங்க, இது டேப் இல்ல," என்று கத்தினேன். அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். அடடா, உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"நர்சம்மா, நீங்க கோவத்துல பேசறப்ப கொரலு ரண்டு கட்டை ஏறுதுங்க," என்றார்.

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் குறைவு. விடிகாலையிலேயே பஸ், லாரி, டிராக்டர் என்று கிடைத்ததில் தொற்றிக்கொண்டு ஊரே ஒகேனக்கல் போய்விடும். காவிரியில் முழுகி, பெண்கள் தாலிக் கயிறு மாற்றி, மீன் சாப்பிட்டுவிட்டு இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள். அந்த வருடம் அக்கா போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டு பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் அவர் விடவில்லை.

"தாலிக் கவுறு மாத்தாம இருப்பியா? போயிட்டு வா. என் காலுக்குச் சேத்து ஒரு முழுக்குப் போடு," என்றார்.

அவர் அப்படிப் பேசி அக்கா கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. எனக்குக் கீழத்தெருவில் ஒரு பிரசவம் எந்த நேரமும் ஆகலாம் என்று இருந்ததால் நான் ஊரிலேயே தங்கினேன். டிராக்டர் ஏறும் முன் அக்கா என் வாசலுக்கு வந்து, "நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதாங்க போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தைரியமாகப் போய்வாருங்கள் என்று கையசைத்தேன்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஊரில் ஆள் இல்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை, வோல்டேஜ் இறங்காது. பஸ் எல்லாம் விடிவதற்குள் போய்விட்டது. மாவு மெஷின் பூட்டிக் கிடக்கிறது. வருடத்தில் அந்த மனிதருடைய காதுக்குத் தோதான ஒரே நாள் அது. நாட்காட்டியில் அவர் அதை முன்பே குறித்து வைத்திருப்பார் என்பதும், அக்காவை அனுப்பியது எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. நிறுத்தி நிதானமாக யோசித்திருந்தால் புரிந்திருக்கும்.

கீழத்தெருவில் அந்தப் பெண்ணுக்கு வலி இன்னும் எடுக்கவில்லை. பத்து மணிவாக்கில் திரும்பி வந்தேன். தெருமுனையிலேயே ஆர்மோனியம் கேட்டது. ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு எனக்கே காது வந்திருந்தது போலும். காற்று அறவில்லை, இழுபடவில்லை. இரண்டு மிதிகட்டையும் ஒரே ஆளுடைய காலில் ஓடிக்கொண்டிருந்தன.

ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது.

நடைவாசலில் குண்டான் நிறையச் சுடுதண்ணீர், மாவு கரைந்து பால் போல. பக்கத்தில் ஹேக்ஸா பிளேடும் கட்டிங் பிளேயரும். மாவுக்கட்டு இரண்டாகப் பிளந்து தரையில் கிடந்தது. பெஞ்சில் அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலது கால் வெளுத்துச் சூம்பிப்போய், தோல் உரிந்து, கணுக்காலில் மட்டும் வீங்கி, நீலம் பாரித்து, மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அவர் உதட்டைக் கடித்தார். கடித்த உதட்டை விட்டுவிட்டு அடுத்த வரியைப் பாடினார். 

என்னைப் பார்த்தார். ஆர்மோனியக் கட்டைகளிலிருந்து இடது கையை எடுத்து விரலைத் தூக்கினார்.

நான் நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் ஒரு நியாயம் இருக்கிறது. சத்தம் போட்டால் அழித்துவிடுவார், மறுபடி முதலிலிருந்து மிதிப்பார். இந்தத் தடவை முடிந்துவிட்டால் இதோடு போகும். அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அது முழுக்க உண்மை இல்லை. போய்க் காலைப் பிடித்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு மாதமாக அழிப்பதையே பார்த்துச் சலித்துப் போயிருந்தேன். ஒரு தடவையாவது, ஒரே ஒரு பாட்டாவது முழுசாக முடியட்டும் என்று எனக்கும் இருந்தது. நோயாளியின் காலைப் பார்க்க வேண்டியவள் டேப்பில் சுற்றும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, செருப்புச் சத்தம்கூட வராமல், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்தது. அவர் குனிந்து நிறுத்தினார். ஓட்டிப் போட்டுக் கேட்டோம். காக்கா இல்லை, பஸ் இல்லை, கரண்டி இல்லை. சுருதி ஒரு நூல்கூட விலகவில்லை.

"போதுங்க," என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பாட்டு சாதாரணம்தான். சொல்லிவிடுகிறேனே. மேகமும் ஏரியும் இருந்த இடத்தில் இருந்தன, எதுவும் தேம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பது போலச் சரியாக இருந்தது. இரண்டு மூங்கில் பட்டையை வைத்துக் காலைக் கட்டினேன். அசைக்காமல் கட்டுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை. மறுநாள் ஆஸ்பத்திரியில் புதிதாக மாவுக்கட்டுப் போட்டார்கள். கால் கோணலாகத்தான் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் கம்பம் ஏறவில்லை. கரண்ட் ஆபீசில் நாற்காலி போட்டு, வருகிறவர்கள் சொல்லும் புகாரை நோட்டில் எழுதும் வேலை கொடுத்தார்கள். மீதி ஐந்து பாட்டை அவர் எடுக்கவே இல்லை. ஆர்மோனியத்தை விற்றுவிட்டதாக, நான் நல்லம்பள்ளிக்கு மாறிப்போன பிறகு கேள்விப்பட்டேன்.

கால் இப்படித்தான் சேரும் என்று அன்றைக்கு உறுதியாகத் தெரியாது. அன்று சாயங்காலம் டிராக்டர் வந்து நின்றது. அக்கா ஈரத்தலையோடு இறங்கி வந்தார். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. எனக்கும் சேர்த்து வாழையிலையில் மடித்த வறுத்த மீன். வாசலில் கிடந்த மாவுக்கட்டைப் பார்த்தார், மூங்கில் பட்டை கட்டிய காலைப் பார்த்தார். அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். ஆனால் லைன்மேன்தான் முந்திக்கொண்டார், முகமெல்லாம் மலர்ச்சியாக.

"முடிஞ்சிருச்சுடி. ஒரு பாட்டு முழுசா வந்திருச்சு. நர்சம்மா மாதிரி ஒருத்தரு கெடைக்க மாட்டாங்க தெரியுமா? நா மிதிச்சுக்கிட்டே இருக்கறேன், வாசல்லயே நிக்கறாங்க. பாட்டு முடியற வரைக்கும் ஒரு சத்தம் போடல. ரெக்கார்டிங்குன்னா என்னான்னு இந்த ஊர்ல அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டார்.

"எத்தன நிமிசம் அந்தப் பாட்டு?"

"நாலேகால்," என்றார் அவர் பெருமையாக.

அக்கா மீன் பொட்டலத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். அப்புறம்தான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"நாலேகால் நிமிசமும் நின்னீங்களா, நர்சம்மா?"